புது ரைடர், புதுக் குதிரை, முதல் டிரெஸ்ஸாஜ் போட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு குதிரையேற்றப் பள்ளியின் மாணவி ஒருவர், தன் சொந்தக் குதிரையோடு பெங்களூருவில் ஒரு டிரெஸ்ஸாஜ் போட்டிக்குப் போனார். குதிரையும் ரைடரும் வரையறுத்த அசைவுகளை நடுவர் முன் செய்து காட்டும் போட்டி அது; அந்த அசைவுகளின் தொகுப்பை டெஸ்ட் என்பார்கள். இருவருக்கும் அதுதான் முதல் போட்டி. அங்கே நடந்ததையும், அதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட முடிவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தப் போட்டியில் நான் நடுவரின் எழுத்தராக இருந்தேன். நடுவர் சொல்லும் மதிப்பெண்ணையும் குறிப்பையும் தாளில் எழுதுவதுதான் வேலை. பிறகு பள்ளியே கேட்டுக்கொண்டதால் ரைடர், பயிற்சியாளர், சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்), டெஸ்டுக்கு முன் குதிரைகளைத் தயார்செய்யும் வார்ம்-அப் மைதானத்தைக் கவனித்த ஸ்டூவர்ட் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். கைபேசியில் எடுத்த வீடியோ ஒன்றும் கிடைத்தது. எல்லோருடைய சம்மதத்தோடும், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டும் எழுதுகிறேன்.

பின்னணி

ரைடருக்கு வயது 38. அலுவலக வேலை. ஒன்றரை வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் சவாரி. சிறுவயதில் குதிரை ஏறிய அனுபவம் கிடையாது. கற்றுக்கொள்வதில் பொறுமையானவர், வகுப்பைத் தவறவிடாதவர் என்று பயிற்சியாளர் சொன்னார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கிய செய்தியைப் பார்த்துத்தான் இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அவருக்குத் தெரிந்ததாம். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது.

குதிரைக்கு ஆறு வயது. காயடித்த ஆண் தரோப்ரெட் (பந்தயக் குதிரை இனம்), கருஞ்சிவப்பு நிறம். ஐந்து வயது வரை பந்தயத்தில் ஓடியது. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரைகள் நம் ஊரில் குறைந்த விலைக்கு, சில சமயம் சும்மாவே கூடக் கிடைக்கும். வாங்குகிற செலவு பெரிதில்லை, வைத்துப் பராமரிக்கிற செலவுதான் பெரிது. அதனால் சவாரிக்கு என்றே பழக்கிய ஒரு குதிரையை வாங்க முடியாதவர்களும் இப்படி ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடிகிறது. இவரும் அப்படித்தான், போட்டிக்குப் பத்து மாதம் முன்பு அதை எடுத்துக்கொண்டார். அன்பாகப் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் அலுவலகம் போவதற்கு முன் லாயத்துக்கு வந்து கேரட் கொடுத்துவிட்டுப் போவார் என்று சைஸ் சொன்னார்.

பயிற்சியாளர் ராணுவக் குதிரைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் இது வழக்கம். குதிரையைப் புரிந்தவர், கண்டிப்பானவர். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு, இதைப் படிப்பவர்களும் அப்படியே படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பள்ளியில் தெரிந்தவை

போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அந்தக் குதிரை பள்ளி மைதானத்தில் ஒழுங்காகவே போனது. நடை நிதானம். ட்ராட் (நடையைவிட வேகமான ஓட்டம்) சீரான தாளத்தில். இடதுபக்கக் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) பரவாயில்லை, வலதுபக்கம் அவசரம். துள்ளல், உதை எதுவும் இல்லை.

இதில் ஒரு விஷயம் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பள்ளியில் வகுப்பு என்றால் நான்கைந்து குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில், மைதானத்தின் ஓரமாகப் போகும். முன்னால் மூத்த குதிரை. நடுவில் நின்று பயிற்சியாளர் குரல் கொடுப்பார், எல்லோரும் சேர்ந்து நடையை மாற்றுவார்கள். ராணுவத்திலிருந்து வந்த முறை. ஒரே நேரத்தில் பலருக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல முறையும்கூட. ஆனால் இதில் குதிரை பழகுவது முன்னால் போகும் குதிரையைப் பின்தொடர்வதைத்தான். ரைடரும் அப்படியே, திருப்புவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, எதிரே வருபவருக்கு வழிவிடுவது என்று எதையும் அவர் தானாக முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒன்றரை வருடம் என்று நாம் எண்ணிய அனுபவத்துக்குள் தனியாக ஓட்டிய நேரம் மிகக் குறைவு. குதிரையோ கூட்டத்தை விட்டுத் தனியாகப் போனதே இல்லை. அங்கே மைக் இல்லை, கொடி இல்லை, எதிரே பாய்ந்து வரும் குதிரையும் இல்லை.

போட்டிக்குப் போகும் முடிவு

பள்ளியிலிருந்து ஏற்கெனவே நான்கு குதிரைகள் போட்டிக்குக் கிளம்பின. லாரியில் ஐந்தாவதுக்கு இடம் இருந்தது. ரைடருக்கு ஆசை இருந்தது. போட்டியின் மிகக் கீழான பிரிவில்தான் பெயர் கொடுத்தார்கள். “கூட்டம், மைக், லாரி எல்லாத்தையும் ஒரு தடவ பார்த்துட்டா அடுத்த தடவ பழகிடும்” என்பது பயிற்சியாளரின் கணக்கு. குதிரையைப் பொறுத்தவரை அது சரியான கணக்குதான். வெளியே அழைத்துப் போகாமல் எந்தக் குதிரையும் வெளியுலகத்துக்குப் பழகாது.

மாற்று வழியும் பேசப்பட்டது. பள்ளியின் பழைய பெண் குதிரை ஒன்றில் அவர் போகலாம், புதுக் குதிரையைச் சும்மா கூட்டிப்போகலாம் என்று ஒரு மூத்த மாணவர் சொன்னார். ரைடர் அதை ஏற்கவில்லை. “என் குதிரையோட போகத்தான மாஸ்டர் இவ்வளவு நாள் கத்துக்கிட்டேன்” என்றார். பயிற்சியாளரும் வற்புறுத்தவில்லை. அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. சொந்தக் குதிரை வைத்திருக்கும் யாருக்கும் புரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் போட்டியின் மிகக் கீழான பிரிவிலும் கேன்டர் இருந்தது. நடையும் ட்ராட்டும் மட்டும் உள்ள பிரிவு அட்டவணையில் இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறிமுக நிலை என்றே நடை, ட்ராட் மட்டும் கொண்ட டெஸ்ட்கள் இருக்கின்றன. அது இருந்திருந்தால் இவர்கள் அதில்தான் பெயர் கொடுத்திருப்பார்கள்.

பயணமும் முதல் நாளும்

கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், இரவு முழுக்க லாரி. காலையில் வந்து இறங்கியபோது குதிரையின் மார்பும் பின்தொடையும் வியர்வை காய்ந்து வெள்ளை பூத்திருந்தன. தற்காலிகக் கொட்டகையில் கட்டினார்கள். புல்லைத் தின்றது, தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஊர்த் தண்ணீரின் வாசனை மாறினால் பல குதிரைகள் இப்படிச் செய்யும்.

அன்று மாலை போட்டியாளர்கள் குதிரைகளை, டெஸ்ட் நடக்கும் அரீனாவுக்குள் நடத்திப் பழக்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பயணக் களைப்பைப் பார்த்துவிட்டு, ஓய்வு கொடுப்பதே நல்லது என்று பயிற்சியாளர் முடிவெடுத்தார். மற்ற நான்கு குதிரைகளும் போயின, இது கொட்டகையிலேயே நின்றது. கரிசனத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் அதன் விளைவாக, மறுநாள் காலை சேணத்தோடும் பதற்றமான ரைடரோடும்தான் அந்தக் குதிரை அந்த இடத்தை முதன்முதலாகப் பார்த்தது.

வார்ம்-அப் மைதானத்தில்

போட்டியைப் பார்க்க வருபவர்கள் அரீனாவைத்தான் பார்ப்பார்கள். உண்மையில் ஒரு குதிரைக்கு அங்கே மிகக் கடினமான இடம் வார்ம்-அப் மைதானம். அன்று அதில் ஒன்பது குதிரைகள். ஒவ்வொருவரும் அவரவர் பயிற்சியில். எதிரெதிரே வரும்போது இடக்கை இடக்கையைப் பார்த்துக் கடக்க வேண்டும், நடையில் போகிறவர் ஓரத்தடத்தை வேகமாகப் போகிறவருக்கு விட்டுவிட வேண்டும். இவருக்கும் இது தெரியும், படித்து வைத்திருந்தார். எதிரே ஒரு குதிரை கேன்டரில் வரும்போது, அதை அரைவிநாடியில் கையாலும் காலாலும் செய்வது வேறு திறமை.

முதல் பத்து நிமிடம் சமாளித்தார்கள். அப்புறம் பள்ளியின் பெண் குதிரையை டெஸ்டுக்கு அழைத்தார்கள். லாயத்தில் இதன் பக்கத்து அறையில் நிற்பது அது. அது வாசலைத் தாண்டியதும் இந்தக் குதிரை தலையைத் தூக்கி, உடம்பே அதிரும்படி கனைத்தது. கூட்டாளி போய்விட்டது, பின்னாலிருந்து ஒரு குதிரை வேகமாகக் கடந்தது, அதே நேரத்தில் மைக்கும் ஒலித்தது. குதிரை முன்னால் பாய்ந்தது.

வீடியோவைப் பலமுறை நிறுத்திப் பார்த்தேன். பாய்ந்த மறுகணமே ரைடர் கடிவாளத்தின் இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறார். முழங்கை நேராகிறது. உடம்பு முன்னால் குனிகிறது, குதிகால் மேலே ஏறுகிறது, முழங்கால் சேணத்தைக் கவ்வுகிறது. பயந்த எந்தப் புதியவரும் இப்படித்தான் ஆவார். இந்தக் குதிரையின் முதுகில் பந்தய நாட்களில் ஜாக்கி உட்கார்ந்திருந்ததும் கிட்டத்தட்ட இதே வடிவில்தான். பந்தயக் குதிரை கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. இறுக்கிப் பிடித்தால் அது அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுக்கும். ரைடர் ‘நில்’ என்று முழு பலத்தோடு சொன்னதைக் குதிரை ‘ஓடு’ என்று கேட்டது. குதிரை அடங்காமல் ஓடவில்லை, தனக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய்தது. இந்த நிகழ்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வேலிக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர், “கைய லூஸ் பண்ணுங்க மேடம், லூஸ் பண்ணுங்க!” என்று கத்துவது வீடியோவில் கேட்கிறது. சரியான அறிவுரை. ஆனால் ஓடுகிற குதிரையின் மேல் பயந்து உட்கார்ந்திருப்பவரின் கை அப்படித் திறக்காது. பிடியைத் தளர்த்தி, பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாரால் மட்டும் வட்டத்துக்குத் திருப்புவது பழகிப் பழகி உடம்பில் ஏற வேண்டிய விஷயம்.

மூன்றாவது சுற்றில் மூலையைக் குறுக்கே வெட்டி வந்தபோது, எதிரே மட்டக்குதிரையில் வந்த ஒரு சிறுவனின் பாதையில் குறுக்கிட்டது. மோதவில்லை. மட்டக்குதிரை பக்கவாட்டில் துள்ளியது, சிறுவன் விழுந்தான். தலையில் ஹெல்மெட் இருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, கணுக்கால் சுளுக்கு.

அப்போது ஸ்டூவர்ட் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் ஓடிப்போய்க் குதிரையை மறிக்கவில்லை. கையை உயர்த்தி, உரத்த ஆனால் பதறாத குரலில், எல்லோரையும் நின்ற இடத்திலேயே குதிரையை நிறுத்தச் சொன்னார். ஏழு குதிரைகள் அசையாமல் நின்றன. கூட்டமாக வாழும் விலங்கு குதிரை. மற்றவை நின்றால் ஓட வேண்டிய காரணம் குறைந்துவிடுகிறது. அடுத்த அரைச் சுற்றில் அது தானாகவே ட்ராட்டுக்கு வந்து, பயிற்சியாளர் பக்கம் வந்து நின்றது.

போவதா, விலகுவதா

மருத்துவர் சிறுவனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் போட்டி நிறுத்தப்பட்டிருந்தது. விலகிக்கொள்ளலாம், அல்லது பிரிவின் கடைசியில் வரலாம் என்று அமைப்பாளர்கள் இவர்களிடம் சொன்னார்கள். கடைசியில் வருவது என்று முடிவானது. இதில் இருவருடைய காரணங்களும் வேறு வேறு. ரைடர் பின்னர் என்னிடம் சொன்னார்: “அப்ப இறங்கியிருந்தா இனி ஏறவே மாட்டேன்னு தோணுச்சு.” பயிற்சியாளரின் காரணம் நடைமுறை சார்ந்தது. அரீனாவுக்குள் வேறு குதிரை இருக்காது, வேலி இருக்கும், போக வேண்டிய பாதையும் தெரியும். வார்ம்-அப் மைதானத்தைவிட அங்கேதான் பாதுகாப்பு.

அவர் மூன்று காரியங்கள் செய்தார். முதலில் தானே ஏறி, யாருமில்லாத ஒரு மூலையில் கால் மணி நேரம் நடையில் மட்டும் வட்டம் வட்டமாகப் போனார். அடுத்து, கூட்டாளிப் பெண் குதிரையை அரீனா வாசலுக்கு அருகே, கண்ணில் படும்படி நிறுத்திவைக்க அனுமதி வாங்கினார். கடைசியாக ரைடரிடம், கேன்டர் வரும் இடங்களில் ட்ராட்டிலேயே போகச் சொன்னார். “பூஜ்யம் விழுந்தா விழட்டும்.” இதை நடுவரிடமும் முன்கூட்டியே தெரிவித்தார்கள். மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்து ரைடரையும் குதிரையையும் காப்பாற்றிய முடிவு இது. இரண்டு நாளிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. விலகியிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

டெஸ்ட்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டிரெஸ்ஸாஜ் அரீனா 20 மீட்டர் அகலம், 40 அல்லது 60 மீட்டர் நீளம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது டெஸ்டில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார். 5 என்றால் ஒருவாறு போதும், 6 என்றால் திருப்தி. செய்யவே இல்லை என்றால் 0.

‘ஏ’ வழியாக உள்ளே வந்தார்கள். குதிரையின் காது வாசலில் நின்ற பெண் குதிரை பக்கமே திரும்பியிருந்தது. ‘எக்ஸ்’ புள்ளியில் நிற்க வேண்டும். நின்றது, ஆனால் பின்னங்கால் ஒன்று விலகி. வணக்கம் சொல்ல வாரை ஒரு கைக்கு மாற்றியபோது அவர் விரல்கள் நடுங்கியதை என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். முதல் ட்ராட் வட்டம் அவசரம். இரண்டாவது வட்டத்தில் குதிரை மூக்கால் பெருமூச்சு விட்டது, கழுத்து கொஞ்சம் இறங்கியது. நடுவர் ‘ஆறு’ என்றார். “தாளம் வந்துவிட்டது, நம்பி விடுங்கள்” என்று குறிப்பு சொன்னார், எழுதினேன்.

ஓரிடத்தில் தவறான எழுத்தில் திரும்பினார். மணி அடித்தது. நடுவர் எழுந்து எங்கிருந்து தொடர வேண்டும் என்று காட்டினார், தொடர்ந்தார்கள். அதற்கு 2 மதிப்பெண் கழிவு. கேன்டர் சம்பந்தப்பட்ட நான்கு கட்டங்களிலும் பூஜ்யம். மொத்தம் 220-க்கு 99, அதாவது 45 சதவீதம். பிரிவில் கடைசி இடம். அந்த நான்கையும் கழிவையும் ஒதுக்கிப் பார்த்தால் மற்றவற்றின் சராசரி ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே. சற்று முன் மூன்று சுற்று கட்டுமீறி ஓடிய ஒரு ஜோடிக்கு அது நல்ல மதிப்பெண்.

முடிந்ததும் நடுவர் அவரை அருகே கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசினார். இன்று கேன்டர் செய்யாமல் விட்டது சரியான முடிவு, அடுத்த முறை இந்தக் குதிரையோடு வார்ம்-அப் மைதானத்துக்கு வருவதற்கு முன் வார்ம்-அப் மைதானத்தைப் பள்ளியிலேயே உருவாக்கிப் பழகுங்கள் என்றார். பின்னால் பள்ளி செய்ததற்கெல்லாம் தொடக்கம் அந்த வார்த்தைதான்.

இரண்டாம் நாள்

மறுநாள் டெஸ்டிலிருந்து விலகிக்கொண்டார்கள். அன்று காலை சைஸ் முதலில் கவனித்தது சாணத்தை. “சாணி உருண்டை சின்னதா, காஞ்சு வருது மாஸ்டர். தண்ணி சரியா குடிக்கல” என்றார். போட்டியின் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, ஈறின் ஈரத்தையும் வயிற்றுச் சத்தத்தையும் சோதித்து, திரவம் கொடுத்தார். சைஸ் வெல்லம் கரைத்த தண்ணீரில் தவிட்டைக் குழைத்து வைத்தார், அதைத் தின்றது. மாலைக்குள் வாளித் தண்ணீரும் குடிக்கத் தொடங்கியது. குடல் அடைத்து வயிற்றுவலியாக மாறாமல் தப்பியது அந்த ஒரு பார்வையால்தான். முந்தைய நாள் பாய்ச்சலில் நீர்ச்சத்துக் குறைவின் அசௌகரியத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். உறுதியாகச் சொல்ல வழியில்லை.

அன்று மதியம் குதிரையைச் சேணம் இல்லாமல், கயிற்றில் பிடித்து வார்ம்-அப் மைதானத்தின் வெளிப்பக்கம் ஒரு மணி நேரம் மேய விட்டார்கள். மைக் சத்தம், கைதட்டல், கடந்துபோகும் குதிரைகள் எல்லாம் இருந்தன. முதலில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தலை தூக்கியது. போகப் போகக் காது மட்டும் திரும்பியது, வாய் புல்லை விடவில்லை. அந்தப் பயணத்தில் குதிரைக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி இந்த ஒரு மணி நேரம்தான். அதற்குப் போட்டியில் பெயர் கொடுத்திருக்கவே தேவையில்லை.

திரும்பிய பிறகு

ரைடர் மூன்று வாரம் குதிரை ஏறவில்லை. லாயத்துக்கு வந்தார், கேரட் கொடுத்தார், போனார். தன் பயத்தைவிட, சிறுவன் விழுந்ததுதான் அவரை அழுத்தியது. அவனுடைய அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா மரியாதையாகவே பேசினார். ஆனால் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினார்: கட்டுப்படுத்தத் தெரியாதவர்களையும் பழகாத குதிரைகளையும் போட்டியில் அனுமதிக்கக் கூடாது.

பள்ளியில் இதைப் பற்றி நடந்த பேச்சு சூடானது. போட்டிக்கு வராமல் எங்கே போய்க் கற்பது, எல்லோரும் ஒரு நாள் முதல் போட்டிக்கு வந்தவர்கள்தானே என்று ஒரு தரப்பு. மற்றவர்களின் பாதுகாப்பை வைத்து யாரும் கற்றுக்கொள்ளக் கூடாது என்று இன்னொரு தரப்பு. இரண்டும் நியாயம். கீழ்நிலை டெஸ்ட்கள் கற்பவர்களுக்காகவே இருக்கின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண்ணும், தேவைப்படும் இடத்தில் குறிப்பும் எழுதித் தரும் வேறு விளையாட்டு எனக்குத் தெரியாது. அதைப் புதியவர்களுக்கு மறுப்பது அந்த டெஸ்ட்களின் நோக்கத்தையே மறுப்பது. அதே நேரம் அந்த அம்மாவின் பிள்ளை விழுந்தது யாரோ ஒருவருடைய கற்றலுக்கான விலையாக. அதைச் சகஜம் என்று தள்ளிவிட முடியாது.

எங்கே பிசகியது

கடிதத்தில் ரைடரும் குதிரையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வில் எனக்குத் தெளிவான ஒரே விஷயம். புது ரைடரைப் பழகிய குதிரை தாங்கும். அவர் தவறான எழுத்தில் திரும்பினாலும், வாரைப் பிடித்து இழுத்தாலும், குதிரை தன் நிதானத்தை விடாது. புதுக் குதிரையைப் பழகிய ரைடர் தாங்குவார். அது திடுக்கிட்டால் அவர் திடுக்கிட மாட்டார், கை திறந்தே இருக்கும். இருவரும் புதியவர்களாக இருந்தால் ஒருவருடைய பயத்தை வாங்கி வைக்க அங்கே ஆளே இல்லை. பயம் கையிலிருந்து கடிவாளத்துக்கும், கடிவாளத்திலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து மறுபடி கைக்கும் போய்க்கொண்டே இருக்கும். அன்று மூன்று சுற்றிலும் நடந்தது அதுதான்.

ஜெர்மனியின் போட்டி அமைப்பில் இந்தப் பிரிப்பு தெளிவாக இருக்கிறது. தொடக்க நிலை ரைடர்களுக்கு அவர்கள் உட்காரும் விதத்தையும் கையாளும் விதத்தையும் மட்டும் மதிப்பிடும் போட்டிகள் தனியாக உண்டு. குழுவாக, நடுவரின் குரலுக்கேற்பப் போவார்கள். இளம் குதிரைகளுக்கு, குதிரையின் நடைகளையும் பயிற்சி நிலையையும் மதிப்பிடும் போட்டிகள் வேறு; அவற்றில் இளம் குதிரைகளை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தேர்ந்த ரைடர்கள். நிலைக்கேற்ற போட்டிகளில் நுழையத் தகுதிச் சான்றும் வேண்டும். நமக்கு அந்த அளவு குதிரைகளோ போட்டிகளோ இல்லை, அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஆனால் ஒரு பள்ளி, ஒரு லாரி என்ற அளவில் இந்தப் பிரிப்பைச் செய்யப் பணம் தேவையில்லை.

அடுத்து வந்த மாதங்கள்

பயிற்சியாளர் வகுப்பு முறையை மாற்றினார். வாரத்தில் ஒரு நாள் வரிசை கிடையாது; எல்லோரும் தனித்தனியாக, எதிரெதிர்த் திசையில். முதல் சில வாரம் குழப்பமாக இருந்ததாம். பழைய ஒலிபெருக்கி ஒன்றை வேலியில் கட்டி, பயிற்சியின்போது பாட்டும் அறிவிப்பும் போட்டார்கள். கூட்டாளிக் குதிரையை வேண்டுமென்றே வெளியே அழைத்துப்போய், சிறிது நேரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலில் இருபது அடி, பிறகு கண்ணுக்கு மறைவாக.

ரைடர் மறுபடி ஏறியது அந்தப் பழைய பெண் குதிரையில். முதலில் லஞ்சிங் கயிற்றில் (தரையில் நிற்பவர் பிடித்துக் குதிரையை வட்டமாகப் போகவிடும் நீளக் கயிறு), வாரே பிடிக்காமல், சேணத்தில் நிமிர்ந்து உட்காரும் பயிற்சி. ஒற்றை வாரால் வட்டத்துக்குத் திருப்பி நிறுத்துவதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் செய்தார். அவருடைய குதிரையை ஒரு மூத்த மாணவர் ஓட்டினார். அது தனக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை ரைடர் மறைக்கவில்லை. “என் பிள்ளைய இன்னொருத்தர் கைல குடுத்த மாதிரி இருந்துச்சு. ஆனா அது அவர்கிட்ட நிம்மதியா போறத பார்த்தப்ப, அதுக்குத்தான் இது நல்லதுன்னு புரிஞ்சுது.”

ஆறு மாதம் கழித்து அதே ஊரில் இன்னொரு போட்டி. ரைடர் பெண் குதிரையில் போய் 61 சதவீதம் வாங்கினார், கேன்டர் உட்பட. அவருடைய சொந்தக் குதிரையைப் போட்டியில் சேர்க்கவில்லை. அது ஒரு நாள் முன்னதாகவே போய், அரீனாவைப் பார்த்து, வார்ம்-அப் மைதானத்தில் மூத்த மாணவரோடு இரண்டு முறை நடையும் ட்ராட்டும் செய்துவிட்டுத் திரும்பியது. வீட்டுத் தண்ணீர் இரண்டு கேன் லாரியில் போனது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கியிருந்ததால் ஊர்த் தண்ணீரையும் அந்த ருசியில் குடித்தது.

இனி மாறுபவை

பள்ளி இப்போது இரண்டு விதி வைத்திருக்கிறது. ரைடரும் குதிரையும் இருவருமே முதல்முறை என்றால் வெளிப்போட்டிக்குச் சேர்ந்து போகக் கூடாது. எந்தக் குதிரையும் முதல் பயணத்தில் போட்டியில் பெயர் கொடுக்கக் கூடாது, பார்த்துவிட்டு வர மட்டும்தான். இரண்டாவது விதியால் லாரிச் செலவு வீண் என்று சில பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை.

அமைப்பாளர்கள் அந்த அம்மாவின் கடிதத்துக்குத் தடை போட்டுப் பதில் சொல்லவில்லை. நடை–ட்ராட் பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தப் பிரிவுக்கு வார்ம்-அப் நேரத்தைத் தனியாக ஒதுக்கி, ஒரே நேரத்தில் நான்கு குதிரைகளுக்கு மேல் கூடாது என்றார்கள். முதல்முறை வரும் குதிரையின் வாலில் பச்சை ரிப்பன் கட்டச் சொன்னார்கள், மற்றவர்கள் இடம் விட்டுப் போவதற்காக. இவ்வளவும் செய்தார்கள். ஆனால் முந்தைய மாலையில் அரீனாவைக் காட்டுவதைக் கட்டாயமாக்கவில்லை. புதுக் குதிரைகளுக்கு மட்டுமாவது அது கட்டாயமாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ரைடரும் அவர் குதிரையும் மறுபடி சேர்ந்தது பள்ளிக்குள்ளேயே நடந்த ஒரு சிறு போட்டியில், நடை–ட்ராட் டெஸ்டில். எதிர்த்திசையில் ஒரு குதிரை கடந்தபோது இது முன்னால் துள்ளியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது வாரால் ஒரு வட்டம் போட்டு, நடைக்குக் கொண்டுவந்து, தொடர்ந்தார். நடுவராக வந்தவர் அந்தக் கட்டத்துக்கு 4 கொடுத்தார். கையாண்ட விதத்துக்காக ரைடருக்கான மதிப்பெண்ணில் 7 கொடுத்தார்.

வலதுபக்கக் கேன்டர் இன்னும் சீராகவில்லை. அதனால் வரும் சீசனில் பெங்களூருவில் நடை–ட்ராட் பிரிவுக்கு மட்டும்தான் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.